வெட்டி ஒட்டிய இரண்டு செக்கன்

அக்கா செத்த முப்பத்தோராம் நாளுக்கு, ஜெர்மனியில் எசன் நகரில் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். ஐயர் கிரியைகளை முடித்துக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. திரையில் அக்காவின் படங்கள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் வயர்களுக்கு நடுவே குந்தியிருந்தேன். சொந்த அக்காவின் சடங்கென்றாலும் மைக்கும் லப்டொப்பும் என் தலையில்தான். வேறொருவனை விட்டால் கெடுத்துப்போடுவான் என்று நானேதான் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், ஆரையும் குறை சொல்ல ஏலாது. அப்போது, அக்காவோடு பல வருடம் ஒரே இடத்தில் துப்புரவு வேலை செய்த மனுசி ஒருவர் கிட்ட வந்து, "தம்பி, மகள் பியானோ வாசிக்கிற அந்த வீடியோவை ஒருக்காப் போடுங்கோவன். அக்கா ஃபோனில எப்பவும் அதைத்தானே பாத்துக்கொண்டிருந்தவ" என்றார். அந்த வீடியோ என் லப்டொப்பில் இருந்தது. ஏழு நிமிடமும் கொஞ்சமும். அதில் இரண்டு செக்கன் பொய். இது எனக்கும், மண்டபத்தின் மற்றக் கரையில் பிளேட் அடுக்கிக்கொண்டு நின்ற என் மருமகளுக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

மருமகள் என்றால் அக்காவின் ஒரே மகள். அவளுக்கு ஆறு வயதில் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடக் கூட்டம், டொக்டர், விசா அலுவலகம் என்று அந்த வீட்டுக்கு ஆண்துணையாக ஓடித் திரிந்தவன் நான்தான். எனக்கும் என் மனுசிக்கும் பிள்ளைகள் இல்லை. அவள் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்து வளர்ந்த பிள்ளை. பக்கத்துத் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் ஜெர்மன் அம்மா ஒருவர் அவளுக்கு எட்டு வயதில் பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நாங்கள் சைவக்காரர், ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும் அக்கா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தேவாலய மண்டபத்துக்குப் போவார். பிள்ளை வாசிக்கும் மட்டும் வெளியே மர வாங்கிலில் குந்தி, வேலைக் களைப்பில் நித்திரை தூங்குவார்.

நான் வாரநாட்களில் வாகன உதிரிப்பாகம் செய்யும் கம்பனியில் வேலை. சனி ஞாயிறில் வீடியோக்காரன். கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியாளானால் செய்யும் சாமத்திய வீடு, அரங்கேற்றம், ஒன்றும் விடுவதில்லை. எங்கள் ஆட்களின் வீடியோவில் பிழை இருக்கக்கூடாது. மாப்பிள்ளை தாலி கட்டும்போது குறுக்கே ஒரு மாமன் நின்று மறைத்தால், "அண்ணை, ஒருக்காத் திருப்பிப் பிடியுங்கோ" என்பேன். மேளகாரரும் பாவம், இன்னொரு தரம் கெட்டிமேளம் அடிப்பார். பொம்பிளையின் கண்ணில் தண்ணீர் வரவில்லையென்றால் அதற்கும் வழி வைத்திருந்தேன். தாலியையே திருப்பிப் பிடிக்க வைத்தவன் நான். ஒரு சம்பவம் நடந்தபடியே இருக்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பத்தொன்பது வயதில் அவள் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, பிறகு பிடித்தது, பிறகு அதைத் தவிர வேறு கதையில்லை. முதற் தெரிவுக்கு ஒரு தனிப் பியானோ வாசிப்பை வீடியோவாக அனுப்பவேண்டும். அதைப் பார்த்துத்தான் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். விதிமுறையை அவள் ஜெர்மனில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள்: ஒரே கமெரா, ஒரே வாசிப்பு, இடையில் வெட்டக்கூடாது, ஒலியிலும் படத்திலும் ஒரு திருத்தமும் செய்யக்கூடாது. நான் தலையாட்டினேன். "அதுக்கென்ன, வைச்சு எடுக்கிறதுதானே" என்றேன்.

அவள் தெரிந்தெடுத்தது பழைய ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய மெதுவான இசை. ஏழு நிமிடம். அக்கா அதைப் 'பாட்டு' என்பார், நானும் பாட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மூன்று சனிக்கிழமைகள் அந்தத் தேவாலய மண்டபத்தில் எடுத்தோம். அந்த மூன்று சனிக்கும் கலியாணங்களை வேறொருவனிடம் தள்ளிவிட்டேன், அவன் இன்றைக்கும் நன்றி சொல்கிறான். என் வாழ்க்கையில் நான் ஆரோடும் அவ்வளவு சந்தோசமாக வேலை செய்ததில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லும் விசயங்களில் இது மறைந்துபோய்விடும்.

முதற் சனி ஒன்றும் சரிவரவில்லை. கலியாண மண்டபப் பழக்கத்தில் மைக்கைப் பியானோவுக்குள் தலையை விடுகிறமாதிரி வைத்தேன். கேட்டுப் பார்த்தால் இசையைவிட உள்ளே மரம் தட்டுப்படும் சத்தம்தான் கூட. பெடலை மிதிக்க ஒரு கிறீச்சு. கதிரை ஒரு பக்கம் முனகியது. சுவரிலிருந்த ஹீட்டர் டிக் டிக் என்றது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வெளியே ட்ராம் போனது. அடுத்த சனி மைக்குகளை நான்கு எட்டுப் பின்னுக்குக் கொண்டுபோனேன். பெடலுக்கு எண்ணெய் விட்டேன். கதிரைக்குக் கீழே பழைய கம்பளியை மடித்து வைத்தேன். ஹீட்டரை இரண்டு மணித்தியாலம் முன்பே நிற்பாட்டிவிட்டோம். அவள் குளிர்ச்சட்டையோடு இருந்து, ஒவ்வொரு வாசிப்புக்கு முன்பும் தேநீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்து விரல்களைச் சூடாக்கிக்கொள்வாள். ட்ராம் போன கையோடு நான் விரலைக் காட்டுவேன், அவள் தொடங்குவாள். ஏழு நிமிடத்தில் முடித்தால் அடுத்த ட்ராமுக்குத் தப்பிவிடலாம்.

ஒலியைத் திருத்தத் திருத்த வாசிப்பின் குறைகள் துலங்கத் தொடங்கின. எனக்குப் பியானோவில் ஒரு கட்டை தெரியாது. ஆனால் இருபது வருடம் காதில் ஹெட்ஃபோன் மாட்டியவனுக்கு ஆர் அவசரப்படுகிறார்கள், ஆர் பயப்படுகிறார்கள் என்று தெரியும். "ரெண்டாம் பக்கத்தில உன்னை ஆரும் கலைக்கினமோ?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. தான் ஓடவில்லை என்றாள். ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். சுகமான இடங்களில் ஓடுகிறாள், கடினமான இடங்களில் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். "ஓம் மாமா" என்றாள், குரல் சின்னதாகிப் போய். பிறகு அந்தப் பக்கத்தை வாயால் முணுமுணுத்துப் பார்த்து, மூச்சு எங்கே வருகிறதோ அங்கே கையும் நிற்கும்படி பழக்கினாள். கடைசிச் சுரம் முடிந்ததும் உடனே என் முகத்தைப் பார்ப்பாள், எப்படி என்று. "என்னைப் பாக்காதை. சத்தம் சாகுமட்டும் அதோட இரு" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவள் குனிந்தபடியே இருந்தாள், பெடல் காலுக்குக் கீழேயே இருந்தது, கடைசி ஒலி மண்டபத்தின் மூலைகளுக்குப் போய் அடங்கியது.

மூன்றாம் சனி, நாலாம் முறை. தொடங்கியதிலிருந்தே வேறுமாதிரி இருந்தது. ஓட்டமில்லை, பயமில்லை. கடைசிப் பக்கத்தில், முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது, இடதுகையின் சின்னவிரல் பக்கத்துக் கட்டையில் பட்டது. சுடுசட்டியில் தொட்டவள்போலக் கை ஒருதரம் எழும்பியது. ஒரு சின்ன நிற்பு. பிறகு வாசித்தாள். அந்தப் பிழைக்குப் பிறகு அவள் வாசித்த ஒன்றரை நிமிடத்தைப்போல நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. விழுந்து எழும்பின பிள்ளை அழாமல் நடந்து வருகிறமாதிரி இருந்தது. முடிந்தபிறகு நிற்பாட்டும் பொத்தானை அமத்த மறந்து நின்றேன். வெளியே ட்ராம் வந்து, அதுவும் பதிவில் ஏறிவிட்டது.

"இதை அனுப்புங்கோ மாமா" என்றாள்.

"அந்த இடம்?"

"தெரியும். அது விழுந்தபடியாத்தான் மிச்சம் அப்பிடி வந்தது. எனக்கு இதுதான் வேணும்."

இன்னுமொருக்கா எடுப்போம் என்று கேட்டேன். ஏலாது என்றாள். பியானோவை மூடிவிட்டு, குளிர்ச்சட்டைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, பசிக்குது என்றாள். வழியில் ஒரு துருக்கிக் கடையில் இருந்து சாப்பிட்டோம். வாயில் சோஸ் ஒட்டியபடி முழுநேரமும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம், சோறு அடுப்பில் இருக்க, நான் அந்த வேலையைச் செய்தேன். அதே சனியில் வாசித்த இரண்டாம் முறையில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அதிலிருந்து இரண்டு செக்கன் ஒலியை எடுத்து, பிழை இருந்த இடத்தில் வைத்து, இரண்டு கரையையும் மெழுகினேன். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. படத்தில் கை எழும்புவது அப்படியே இருந்தது, ஆனால் கமெரா தூரத்தில்தானே, ஆர் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை. நேரே கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டால், தொழில் புத்தி என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அதற்குக் கீழே வேறொன்று இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் அகதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள். முதல் விசாரணையில் சொன்ன ஒரு மாதமும் இரண்டாம் விசாரணையில் சொன்ன மாதமும் ஒத்துவரவில்லையாம். ஊரில் ஆமியின் செல்லடிக்குள் ஓடி வந்தவன் கலண்டரா பார்த்தான்? திரும்ப வழக்குப் போட்டு வெல்ல வருடங்கள் போயின. அதிலிருந்து ஜெர்மன்காரன் மேசைக்குப் போகும் எதிலும் ஒரு பிழையும் இருக்கக்கூடாது என்பது என் எலும்புக்குள் ஏறிவிட்டது. மற்றவன் பிழைவிட்டால் அது பிழை. நாங்கள் விட்டால் அதுதான் அவர்கள் தேடிய சாட்டு. அப்படித்தான் நான் நம்பினேன். அவள் இங்கே பிறந்தவள், அவளுக்கு அந்தப் பயம் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டிய விசயம் அது.

மூன்று கிழமையால் ஒரு பின்னேரம் அவள் ஃபோன் எடுத்தாள். குரலில் பதற்றமில்லை. "மாமா, கொலிச்சில இருந்து மெயில் வந்திருக்கு. கடைசிப் பக்கத்தில கையும் சத்தமும் பொருந்தேல்லையாம். ஒண்டும் செய்யாத ஒரிஜினலை மூண்டு நாளுக்குள்ள அனுப்பட்டாம். ஏதோ கமெராப் பிழைபோல. நீங்கள் அனுப்பிவிடுங்கோ."

ஒரிஜினல் இல்லை. இதுவும் என் பழக்கம்தான். வேலை முடித்துக் கொடுத்துவிட்டால் மூலப் பதிவுகளை அழித்துவிடுவேன். அடுத்த கலியாணத்துக்குக் கார்ட் வெறுமையாக இருக்கவேண்டும், டிஸ்க்கில் இடம் வேண்டும். நல்ல வீடியோ கையில் இருக்கும்போது பிழையான வீடியோவை வைத்திருந்து என்ன பிரயோசனம் என்பது என் நியாயம். அவளுடைய நான்கு வாசிப்புகளுக்கும் மேலே டோர்ட்முண்டில் நடந்த ஒரு சாமத்திய வீடு ஏறியிருந்தது. அழிந்ததை மீட்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அவன் இரண்டு நாள் வைத்திருந்து, மஞ்சள் சேலை கட்டிய ஒரு பிள்ளையின் படங்களைத்தான் எடுத்துக் கொடுத்தான்.

அவளிடம் நேரே போய்ச் சொன்னேன். அக்கா வேலைக்குப் போயிருந்தார். அவள் தன் கட்டிலில் இருந்தபடி கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அந்த இடம் உங்களுக்கு அவ்வளவு வெக்கமா இருந்ததோ மாமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லைப் பிள்ளை, உனக்காகத்தான் என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிற்பாட்டினாள். கல்லூரிக்கு, வீடியோவில் திருத்தம் செய்யப்பட்டது உண்மை, பொறுப்புத் தன்னுடையது என்று எழுதினாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. விண்ணப்பம் விலக்கப்பட்டது. நான் வாசல்வரை போனபோது பின்னால் வந்து சொன்னாள்: "அம்மாட்டச் சொல்ல வேண்டாம். என்னை எடுக்கேல்லை எண்டு மட்டும் சொல்லுறன். அவவுக்கு இஞ்சை நீங்கள் ஒராள்தான் இருக்கிறீங்கள்."

அடுத்த வருடம் திரும்பவும் போடலாம் என்று ஓர்கன் அம்மா ஊக்கப்படுத்தினார். அவளும் முயன்றாள். நான் ஒருநாள் மண்டபத்துக்கு வெளியே, அக்கா முன்பு இருந்து தூங்கும் அதே வாங்கிலில் இருந்து கேட்டேன். கடைசிப் பக்கத்தில் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். திரும்பத் தொடங்கினாள், திரும்ப நின்றாள். முன்பு அந்த இடத்தைத் தாண்டும்போது அவளுக்குப் பயமே இருந்ததில்லை, ஒரேயொரு தரம்தான் விரல் தவறியது. நான் அதை அழித்துக் காட்டியதால் அது பெரிய குற்றமாகிவிட்டது. அந்த மாரிக்குளிர் முடிய முன்னே விட்டுவிட்டாள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தொழிற்பயிற்சி கிடைத்துப் போனாள். அங்கேயே வேலை, அங்கேயே வீடு. பிறந்தநாளுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவாள். வந்தால் சாப்பிட்டீங்களோ மாமா என்று கேட்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அக்கா மட்டும் விடவில்லை. ஒன்பது வருடம், எங்கே நாலு பேர் கூடினாலும், "என்ர பிள்ளை கறுப்பெண்டபடியா எடுக்கேல்லை" என்பார். ஃபோனை எடுத்து வீடியோவைப் போட்டு, "எங்கை, ஒரு பிழை காட்டுங்கோ பாப்பம்" என்பார். ஆட்கள் தலையை ஆட்டி உச்சுக்கொட்டுவார்கள். நான் பக்கத்தில் நின்று நானும் ஆட்டுவேன். மருமகள் சொல்ல வேண்டாமென்று சொன்னாளே என்ற சாட்டுக்குப் பின்னால் நல்ல வசதியாக ஒளிந்திருந்தேன். அக்காவுக்கு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்து, "தம்பி, அவள் இப்ப வாசிக்கிறவளோ? என்னட்டைச் சொல்லுறாளில்லை" என்று கேட்டார். அறையில் வேறு ஒருவரும் இல்லை. சொல்வதென்றால் அதுதான் நேரம். "ஓம் அக்கா, வாசிக்கிறாள்" என்றேன். அக்காவின் முகம் தெளிந்தது. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அதை நினைக்க இப்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆகவே அந்த முப்பத்தோராம் நாளில் துப்புரவு வேலை மனுசி வந்து வீடியோவைக் கேட்டபோது நான் லப்டொப்பைத் தட்டுவதுபோலப் பாவனை செய்து, இல்லைப்போலக் கிடக்குது என்றேன். மருமகள் பிளேட்டுகளை வைத்துவிட்டு வந்தாள். என்னை அவளுக்குத் தெரியும். "போடுங்கோ மாமா. அம்மா எப்பவும் பாத்தது அதைத்தானே" என்றாள். போட்டேன். மண்டபம் அடங்கியது. திரையில் பத்தொன்பது வயதுப் பிள்ளை குளிர்ச்சட்டையோடு குனிந்து வாசித்தாள். கடைசிப் பக்கம் வந்தது. கை எழும்பியது, ஒலி எழும்பவில்லை, வழுவழுவென்று போனது. ஒருவரும் கவனிக்கவில்லை.

முடிந்ததும் எங்கள் சங்கத்தில் பெரியவர் ஒருவர் எழும்பி, "இப்பிடி வாசிச்ச பிள்ளையைத்தான் எடுக்காம விட்டவங்கள். அக்கா அந்தக் கவலையோடதான் போனவ" என்றார். எல்லாத் தலையும் ஆடியது. மைக் என் கையில் இருந்தது. என் தலை மட்டும் அன்றைக்கு ஆடவில்லை. "அவங்கள் பிழைவிடேல்லை. பிழைவிட்டது நான்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது, ஒட்டியது, அழித்தது, அக்காவின் கட்டிலடியில் சொன்ன பொய், ஒன்றும் விடவில்லை. ஒருவர் இருமினார். ஒரு குழந்தை ஏதோ கேட்க, தாய் வாயைப் பொத்தினாள். கடைசியில் அந்தத் துப்புரவு வேலை மனுசிதான், "சரி, விடுங்கோ தம்பி. நடந்தது நடந்துபோச்சு. ஆட்கள் பசியோட இருக்கினம்" என்றார். எல்லாரும் எழும்பிச் சாப்பிடப் போனார்கள்.

ஆட்கள் கலைந்தபிறகு கார் நிற்பாட்டும் இடத்தில் ஒலிபெருக்கிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தோம். அவள் அழுதிருந்தாள் என்று தெரிந்தது. மன்னித்துவிட்டாளோ என்று ஒரு அற்ப ஆசை எனக்குள் எழும்பியது.

"அம்மா இருக்கேக்க சொல்லியிருக்கலாம், மாமா" என்றாள்.

"நீதானே பிள்ளை, சொல்ல வேண்டாமெண்டனீ."

கார்க் கதவை மெல்லச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு" என்றாள். "உங்களுக்கு நாப்பத்தாறு."